நடுச்சுவரில் விழுந்த விரிசல்

கோவில்பட்டி நகரின் புறத்தே, ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் விளைந்த கரிசற்காட்டில், எங்கள் தந்தையார் வாங்கி வைத்திருந்த ஆறு சென்ட் நிலத்தில், 1984-ஆம் ஆண்டு நானும் என் தம்பியும் வீடு கட்டினோம். வீடுகள் இரண்டு; நடுச்சுவர் ஒன்று. "அண்ணன் தம்பிக்கு நடுவே எதற்கு இரண்டு சுவர்?" என்றார் தந்தையார். அவர் சொல்லை நாங்கள் தட்டவில்லை. செலவும் மிச்சமாயிற்று. மூன்றடி ஆழத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் கட்டி, அதன்மேல் செங்கற்சுவர் எழுப்பினார்கள். அன்று எங்கள் தெருவில் எல்லாரும் அவ்வளவுதான் தோண்டினார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சுவர் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. 2019-இல் தம்பி தன் வீட்டுக்கு மாடி எடுத்தான். மறு கோடையில் எங்கள் நடுச்சுவரின் பின்பக்கத்தில், சன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. முதலில் நூல் பருமன். பிறகு தீக்குச்சி நுழையும் அளவு. மாடியின் பாரத்தைத் தாங்காமல் சுவர் பிளந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. தம்பியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தெருவார் கேட்கப் பேசினேன். நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் மாணவர்களிடம்கூட அப்படிப் பேசியதில்லை. அவன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிறு பூசைக்கு ஒரே கோவிலுக்குப் போனோம். இரு வேறு வரிசைகளில் அமர்ந்தோம்.

விரிசலை மறைக்க நான் செய்தவையெல்லாம் வீணாயின. ஆள் வைத்துச் சிமென்டு பூசினேன். அடுத்த கோடையில் பூச்சைக் கிழித்துக்கொண்டு அதே இடத்தில் அது திறந்தது. மீண்டும் பூசினேன், மீண்டும் திறந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அம்மழை ஓய்ந்த பின் பார்த்தால், பின்கட்டுக் கதவு நிலையில் சிக்கித் திறக்க மறுத்தது; தரையின் ஒரு மூலை மேலெழும்பியிருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், சுவரை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று சொல்லி, என் ஓய்வூதியத்தில் பல ஆண்டுகளை விழுங்கும் ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாதிச் செலவைத் தம்பியிடம் கேட்டு வாங்க வக்கீலைப் பார்க்கலாமா என்றுகூட எண்ணினேன்.

அப்போது என் மனைவி, "வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நல்ல கொத்தனாரைப் பாருங்கள்" என்றாள். அவள் விசாரித்து வரவழைத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். சொந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. வந்தவர் கரணையைக் கையில் எடுக்கவேயில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தார். வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு, "ஐயா, இந்த விரிசல் எந்த மாதத்தில் அகலுது, எந்த மாதத்தில் கூடுது?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. நான்கு ஆண்டுகள் அதைப் பார்த்துக் கோபப்பட்டேனே தவிர, ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

அவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வற்றினால் சுருங்கும். கோடையில் நம் காடுகளில் கால் புதையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதும், ஐப்பசி மழையில் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்வதும் இதனால்தான். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண் வெயில் படாமல் ஈரமாகவே கிடக்கும். ஓரத்து மண்ணோ காயும், நனையும். ஆகவே ஓரம் ஏறி இறங்க, நடு அசையாதிருக்க, இரண்டுக்கும் இடையே சுவர் கிழிகிறது. ஆழமான கரிசலில் இந்த ஏற்றத்தாழ்வு மூன்று மீட்டருக்கும் கீழே எட்டக்கூடும். எங்கள் மூன்றடி அடித்தளம் அதற்கு எம்மாத்திரம்?

இதற்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையை வகுத்துத் தந்துள்ளது. மண்ணின் அசைவு எட்டாத ஆழம் வரை துளையிட்டு, அத்துளையின் அடியைக் குடம்போல் அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். அடி புடைத்த அந்தத் தூண்களின்மேல் உத்தரம் ஓட்டிச் சுவர் எழுப்பினால், மேல்மண் ஏறினாலும் இறங்கினாலும் வீடு அசையாது. புதிதாகக் கட்டுவோர் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஆனால் கட்டி முடித்த பழைய வீட்டுக்கு என்ன செய்வது?

"முதலில் தண்ணியைக் கண்டுபிடிக்கணும் ஐயா. கரிசலில் வீட்டைக் கெடுக்கிறது பாரம் இல்லை, தண்ணிதான்" என்றார் பெரியவர். விரிசலின் குறுக்கே நான்கு இடங்களில் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சிமென்டால் பதித்து, பக்கத்தில் தேதியை எழுதச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு நடுச்சுவர் ஓரமாக, என் குளியலறைக்கு வெளியே, சித்தாளை விட்டுத் தோண்டச் சொன்னார்.

அது மே மாதம். தெருவெல்லாம் மண் வெடித்துக் கிடந்தது. ஆனால் அந்தக் குழியில் இரண்டடிக்குக் கீழே மண் கறுத்த மெழுகுபோல் வழுவழுத்தது. இன்னும் சற்றுத் தோண்டியதும் 1984-இல் பதித்த கழிவுநீர்க் குழாய் வெளிப்பட்டது. இணைப்பு விலகி, எத்தனையோ ஆண்டுகளாக என் வீட்டுக் குளியல் நீர் முழுவதும் நடுச்சுவரின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்து மண் எந்நாளும் உப்பியிருக்க, சுற்றிலும் உள்ள மண் ஒவ்வொரு கோடையிலும் சுருங்க, சுவர் பிளந்திருக்கிறது. தம்பியின் மாடி, அவன் பக்கத்தில் தனியாக நிறுத்திய கான்கிரீட் தூண்களின்மேல் நின்றது. நடுச்சுவரின்மேல் அவன் ஒரு செங்கல்லின் பாரத்தையும் வைக்கவில்லை. அதையும் பெரியவர்தான் எனக்குக் காட்டினார்.

குழியின் ஓரத்தில் நான் வெகுநேரம் நின்றேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுபவர்போலத் தம் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1799-இல் கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்து, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையையும் தகர்த்தனர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையும் அவர் மக்களும் சில நாள்களுக்குள் அதே மண்ணைக் குழைத்து மீண்டும் கோட்டை எழுப்பினர். மார்ச் 31-இல் தாக்கிய கும்பினிப் படை பெருத்த சேதத்தோடு பின்வாங்கியது; மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. இன்று அங்கே நாம் காண்பது 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. "இந்த மண்ணை எல்லாரும் குறை சொல்றாங்க ஐயா. மண்மேல் குத்தம் இல்லை. குணம் தெரிஞ்சு நடந்தா அது நம்மைத் தாங்கும்" என்று முடித்தார் அவர். மண்ணைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை தம்பியின் வாசற்படி ஏறினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "குழாய் என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்து, "தெரியும் அண்ணே. தரை ஈரமாக இருக்குதென்று சொல்ல அன்றைக்கே வந்தேன். நீங்கள் பேசவிடவில்லை" என்றான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நாலாண்டுக்குப் பிறகு அந்த வீட்டில் குடித்த காப்பி தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

பெரியவர் உடனே சுவரைத் தொடவில்லை. குழாயை மாற்றினார். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தூம்புகளுக்குக் குழாய் இறக்கி வாய்க்காலில் சேர்த்தார். இரு வீடுகளையும் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரிவாகத் தளமிட்டார். சுவரை ஒட்டி நின்ற வேம்பை வெட்டிவிடலாமா என்று கேட்டேன், கூடாது என்றார். வளர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது குடித்துவந்த நீரெல்லாம் மண்ணிலேயே தங்கி மண்ணை உப்பச் செய்யுமாம். கிளைகளை மட்டும் கழித்தார். பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காத்திருக்கச் சொன்னார். முதல் சில மாதங்களில் இரண்டு கண்ணாடிகள் உடைந்தன, புதிதாகப் பதித்தோம். அதன்பின் ஒன்றும் உடையவில்லை. 2025 கோடையின் முடிவில்தான் அவர் கரணையை எடுத்தார். விரிசலின் குறுக்கே செங்கல் வரிகளுக்கிடையே கம்பி வைத்துத் தைத்து, சுண்ணாம்பு கலந்த சாந்தால் அடைத்தார். தனிச் சிமென்டு விறைத்து நின்று வெடிக்கும். சுண்ணாம்பு சற்றே இணங்கிக் கொடுக்கும் என்பது அவர் அனுபவம். ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை. அதிலும் பாதியைத் தம்பி வற்புறுத்திக் கொடுத்தான்.

பழைய வீடுகளில் வாழும் அன்பர்கள், விரிசலைக் கண்டதும் பூசி மறைக்காமல், அது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று ஓராண்டு குறித்து வையுங்கள். நீர் எங்கே கசிகிறது என்று பாருங்கள். முதலில் உங்கள் பக்கத்தில் பாருங்கள். நாளுக்கு நாள் விரிந்தாலோ, சுவர் சாய்ந்தாலோ காத்திராமல் பொறியாளரை அழையுங்கள்.

பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், அவன் ஆழத் தோண்டினான் என்று புனித லூக்கா குறிக்கிறார். நான் அந்தப் பகுதியை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியவன். என் வீட்டுச் சுவரடியை நாலடி தோண்டிப் பார்க்க எனக்கு நாலாண்டு ஆயிற்று. இப்போது நடுச்சுவரில் விரிசல் இருந்த இடம் வெள்ளையடித்த பின்னும் மெல்லிய கோடாகத் தெரிகிறது. அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.