சஸ்பென்ஸ் கணக்கு இல்லாத நோட்டு

வேதியியல் எனக்குப் பிடித்த பாடம் என்று சொன்னால் அது பொய். பாதியை மனப்பாடம் செய்துதான் கடந்தேன். பிடித்தது ஒன்றே ஒன்று: சமன்பாடுகளைச் சமன் செய்வது. பள்ளியை விட்டு வந்தபின் அந்த வேலையை எனக்கு யாரும் தரவில்லை.

நோட்டின் வலது ஓரத்தில் கோடு கிழித்து, பென்சிலால் அணுக்களை எண்ணுவோம். முதலில் உலோகம், அப்புறம் கார்பன், ஹைட்ரஜன். ஆக்சிஜன் எப்போதும் கடைசி. மூலக்கூறின் முன்னால் எந்த எண்ணையும் போடலாம், அதன் காலடியில் இருக்கும் குட்டி எண்ணைத் தொடக் கூடாது. ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று தண்ணீருக்குள் ஒன்றைச் செருகினால் கணக்கு நேராகிவிடும். தண்ணீர்தான் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடும்! பியூட்டேன் எரியும்போது ஆக்சிஜன் ஆறரை என்று வரும். அரை மூலக்கூறுக்கு எங்கே போவது? எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டைஆக்சைடு, 10 தண்ணீர்.

ஆனால் ராஜா, பதினொன்றாம் வகுப்பில் வந்த பெர்மாங்கனேட்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து குளோரின் வாயு தரும் வினை. சும்மா எண்ணிக்கொண்டே போனால் ஒரு சாயங்காலத்தையே விழுங்கிவிடும். ஆக்சிஜனேற்ற எண்ணைப் பிடித்தால் வழி திறக்கும். மாங்கனீசு 7-லிருந்து 2-க்கு இறங்கி 5 எலக்ட்ரான்களை வாங்குகிறது. குளோரின் அணு ஆளுக்கு ஒன்று கொடுக்கிறது. 2 பெர்மாங்கனேட்டுக்கு 10 குளோரின் போதுமே, அமிலம் ஏன் 16? மீதி ஆறும் எதையும் கொடுக்காமல், பொட்டாசியத்தோடும் மாங்கனீசோடும் உப்பாக ஒட்டிக்கொண்டவை. இந்த ஆறு புரிந்த நாளில் பரீட்சை பயம் போய்விட்டது. விடை சரியா என்று வாத்தியாரிடம் நீட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் எண்ணினால் நமக்கே தெரியும்.

இதற்கெல்லாம் அடி போட்ட லவாய்சியரும் ஒரு கணக்குக்காரர். வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். 1789-இல் வெளிவந்த தன் நூலில், திராட்சைச் சாறு நொதிப்பதையே ஒரு சமன்பாடாக எழுதினார். (அந்த வரி வசூல்தான் 1794-இல் அவரைக் கில்லட்டினில் கொண்டுபோய் நிறுத்தியது.)

நானும் வங்கியில் கணக்குதான் பார்க்கிறேன். இங்கேயும் இரண்டு பக்கம், இங்கேயும் டேலி ஆக வேண்டும். ஆனால் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். பெர்மாங்கனேட்டிடம் இந்தப் பருப்பு வேகாது. காணாமல்போன ஒரு ஹைட்ரஜனைத் தேடி அடித்து அடித்து எழுதிய பிடிவாதம் இப்போது எனக்கு இல்லை. அதற்குத்தான் ஏங்குகிறேன்.

மகள் வணிகவியல் எடுத்துவிட்டாள். அவள் நோட்டை எட்டிப் பார்த்தும் பயனில்லை. போன வாரம் மதிய இடைவேளையில், செம்பையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 3, 8, 3, 2, 4. சரிதான். ஆனாலும் பக்கத்திலிருந்து எவனாவது எட்டிப் பார்த்து, "உனக்கு எத்தனைடா வந்துச்சு?" என்று கேட்டிருக்கலாம்.