வாழைப்பூக் கொத்துக்கறி

வாழைத்தார் கடைசிச் சீப்பு விட்டதும் கீழே தொங்குகிற பூவை ஒடித்துவிடுவோம். விட்டுவைத்தால் காய்க்குப் போகிற சத்தை அது இழுத்துக்கொள்ளும். ஒடித்ததில் ஒன்றிரண்டு சமையலுக்கு வரும், மிச்சம் மாட்டுக்கு. போன மே மாதம் மட்டும் மூன்று பூவையும், அப்போதுதான் பிடுங்கிக் காயவைத்த நிலக்கடலை இரண்டு படியையும் பையில் போட்டுக்கொண்டு பொன்னேரியில் ரயில் ஏறித் திருவொற்றியூர் போனேன்.

அங்கேதான் அக்கா வீடு. மாமா முப்பது வருஷம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கொத்துக்கறி. காலையில் அவரே கடைக்குப் போய், பக்கத்தில் நின்று, சொல்லிச் சொல்லிக் கொத்தி வாங்கி வருவார். மாசியில் நெஞ்சுவலி வந்தபிறகு ஆட்டுக்கறி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் சாப்பிடலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் நல்ல மீன் குறைவு, விலையும் ஏறிக்கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எண்ணெய் பரவியதிலிருந்து அக்கா அந்தப் பக்கத்து மீனைத் தொடுவதில்லை.

"ஞாயித்துக்கெழம வந்தா வெளிய போயி உக்காந்துக்கறாருடா. சோத்துக்குக் கூப்புட்டா கூட வர்றதில்ல" என்று அக்கா போனில் அழுதாள். மீல்மேக்கர் செய்து பார்த்திருக்கிறாள். பஞ்சு மாதிரி இருக்கு என்று தள்ளிவிட்டாராம்.

சனிக்கிழமை ராத்திரி ஒரு பூவையும் கொஞ்சம் கடலையையும் வேகவைத்து மிக்சியில் போட்டோம். கூழாகிவிட்டது. சட்டியில் துவையல் மாதிரி அப்பிக்கொண்டது. மாமா எட்டிப்பார்த்து, "இன்னா மச்சான், போஸ்டர் ஒட்டப் போறியா?" என்றார். கோபமாக இல்லை, சலிப்பாக.

படுத்தபிறகுதான் தப்பு புரிந்தது. கொத்துக்கறியில் மசாலா ருசி பாதிதான். பல்லில் சின்னச் சின்னதாக அகப்பட வேண்டும். மிக்சி அதைத்தான் கெடுத்துவிட்டது. மறுநாள் காலையில் மணையையும் கத்தியையும் மாமா முன்னால் வைத்தேன். "எனக்கு உங்க அளவு தெரியாது மாமா, நீங்களே கொத்துங்க."

முதலில் பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்தார். ஒவ்வொரு பூவிலும் கள்ளனையும் கண்ணாடி மாதிரி இருக்கிற சின்ன இதழையும் எடுக்க வேண்டும், அவை வேகாது. இரண்டு பூவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நறுக்க நறுக்கக் கருக்காமல் இருக்க மோரில் போட்டார்.

செய்முறை கேட்கிறவர்களுக்கு: பூவை மஞ்சள், உப்பு போட்டு அரைவேக்காடாக வேகவைத்து ஒட்டப் பிழியுங்கள். ஒரு டம்ளர் கடலையை ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, ஒன்றிரண்டாக இடியுங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு போட்டு இரண்டையும் கொட்டுங்கள். மூடி போடாதீர்கள். ஈரம் வற்றி உதிர்ந்தால்தான் வறுபட்ட வாசனை வரும். கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், அதனால் தாளிக்க இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். வெளிநாட்டில் வால்நட்டும் காளானும் கொத்தி இதே வேலையைச் செய்கிறார்கள். நமக்குக் கடலை போதும்.

கறிக்குச் சரிசமம் என்று சொல்லமாட்டேன். வாழைப்பூவில் புரதம் கொஞ்சம்தான். நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் இருக்கிறது. கறியில் கிடைக்கிற பி12 இதில் கிடையாது, அதற்குப் பாலோ முட்டையோ வேண்டும்.

மத்தியானம் மாமா இரண்டாம் தடவை சோறு கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

"கறி கெடையாது மச்சான். கறின்னு சொல்லி ஏமாத்தாத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொத்துனது மட்டும் சரியா இருக்குது" என்றார்.

இப்போது சனிக்கிழமை ஆனால் அவரே போன் செய்கிறார், பூ இருக்கிறதா என்று. ஒவ்வொரு வாரமும் நான் போக முடியாது. ரயிலில் வருகிற ஊர்ப் பையன்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மாட்டுக்குத்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது.