குடவோலை ஊரில் ஒரு சாணக் கணக்கு

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். வழியெங்கும் நெல் வயல், ஏரிக்கரை, பனை மரம். நடுச்சாலையில் படுத்து அசை போடும் மாடுகள் ஹாரன் சத்தத்துக்கெல்லாம் எழுந்துகொள்வதில்லை. டிரைவர்தான் ஓரம் ஒதுங்கிப் போக வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் தேடிப் போவது வைகுண்டப் பெருமாள் கோயிலை. தொல்லியல் துறை பராமரிக்கும் அந்தக் கோயிலின் சுவரில்தான் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படித்த குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்துகள் துலங்கித் தெரியும்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுக்கும் ஓலையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாரியத்துக்கு உறுப்பினர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாரியம் இருந்தது என்பதை இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஊர்ப் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர். அதைத் தூர்வாருவதற்குக் கொடை விட்ட செய்தியும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. ஏரி சேறு சேர்ந்து மேடாகிவிட்டால் வயல் காயும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

சேற்றுக்குள் ஒரு சமையல்

ஏரி சேறு ஒரு வேடிக்கையான பொருள். தண்ணீர் வற்றும் நாட்களில் கரையோரச் சேற்றை ஒரு குச்சியால் கிளறினால் குமிழி குமிழியாக வாயு வரும். இலை தழையும் செத்த பாசியும் அடியில் மட்கும்போது, காற்றே படாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியே விடுகின்றன. தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் இதே கதைதான்.

1776-ல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் அலெக்சாண்டர் வோல்டா இப்படித்தான் சேற்றைக் கிளறி, வந்த வாயுவைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்த்தார். அது எரிந்தது. பின்னாளில் பேட்டரியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 'வோல்ட்' என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குள் நடந்தால், ஏரி செய்யும் அந்த வேலையைச் சிறிய அளவில் செய்யக்கூடிய சரக்கு வீட்டுக்கு வீடு கிடப்பது தெரியும். கொட்டகைச் சாணம், சோறு வடித்த கஞ்சி, காய்கறித் தோல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாடு. இவற்றைத் தண்ணீரோடு கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் போதும். நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதை உடைத்துக் கரைக்கும். இன்னொரு கூட்டம் அமிலமாக்கும். கடைசிக் கூட்டம் அந்த அமிலத்திலிருந்து மீத்தேனை உண்டாக்கும். இதற்கு நம் ஊர் வெயிலில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். இதுதான் சாண எரிவாயு. கிராமத்தில் 'கோபர் காஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

அடுப்பில் எரிக்கும் அதே வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்து, இன்ஜினோடு ஜெனரேட்டரை இணைத்தால் கரன்ட். அழுகின முட்டை நாற்றம் தரும் கந்தக வாயு இன்ஜினை அரித்துவிடும் என்பதால், முதலில் இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக வாயுவை வடிகட்டி அனுப்புவார்கள். தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசல் வீணாவதில்லை. மட்கிய எருவாக வயலுக்குப் போகும்.

மாட்டுக்கு எத்தனை யூனிட்?

ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஒரு கிலோவுக்கு 40 லிட்டர் வாயு. ஆக, ஒரு மாட்டுக்கு 400 லிட்டர். ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் வாயுவில் சிறிய இன்ஜின் ஒன்றரை யூனிட் மின்சாரம் தரும். அப்படியானால் இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் ஒன்றேகால் யூனிட். அதற்காக யாரும் இன்ஜின் வாங்கி வைக்க மாட்டார்கள்.

ஊரே சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. 100 மாட்டின் சாணம் ஒரே தொட்டிக்கு வந்தால் நாளைக்கு 60 யூனிட். 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் 600-ஐ ஐந்து மணி நேரம் எரிக்கலாம். மேய்ச்சலில் விழும் சாணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தெரு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தேறும்.

வாயு, இன்ஜின் எதுவும் இல்லாமல் நுண்ணுயிரிடமிருந்து நேரடியாகவே மின்சாரம் எடுக்கும் வழியும் இருக்கிறது. 1911-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர் அதைச் செய்து காட்டினார். 1987-ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி கண்டுபிடித்த ஜியோபாக்டர் வகை பாக்டீரியா, உணவைச் செரிக்கும்போது கிடைக்கும் எலெக்ட்ரான்களை வெளியே தள்ளிவிடும். பக்கத்தில் ஒரு மின்முனையை வைத்தால் அவற்றைப் பிடித்துக்கொள்ளலாம். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் நெல் வயல் சேற்றிலும் செடி வேரடியிலும் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். கிடைக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால், ஒரு கிராமத்துக்கு இன்றைக்குக் கைகொடுப்பது சாணத் தொட்டிதான்.

புரா சொன்ன பாடம்

அதை நடத்திக் காட்டிய ஊர் கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்துக் குனிகல் தாலுகாவில் இருக்கிறது. பெயர் புரா. நூறு வீடுகூட இல்லாத கிராமம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி தொடங்கிய 'அஸ்த்ரா' குழு அங்கே ஊர்ப் பொதுச் சாண எரிவாயுக் கலனைக் கட்டியது. முதலில் எல்லா வீட்டுக்கும் சமையல் வாயு கொடுப்பதுதான் திட்டம். சாணம் போதவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

பிறகுதான் ஊரிலுள்ளவர்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். விறகு எப்படியாவது கிடைத்துவிடும், நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று பதில் வந்தது. 1987-ல் அதே வாயுவை டீசலோடு சேர்த்து இன்ஜினுக்குக் கொடுத்தார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெருக்குழாய்க்கு வந்தது. வீடுகளில் டியூப் லைட் எரிந்தது.

சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு அதற்கென்று கூலி உண்டு. எடை போட்டுக் குறித்துக்கொண்டு, கொடுத்த அளவுக்கு ஏற்ப எருவையும் திருப்பிக் கொடுத்தார்கள். "என் மாட்டுச் சாணம் அவன் வயலுக்குப் போய்விட்டது" என்று சண்டை போட யாருக்கும் இடமில்லை. கலனை ஓட்டியவர்கள் அந்த ஊர் இளைஞர்கள். நிர்வாகம் ஊர்க் குழுவிடம் இருந்தது.

மறுபடி அந்தச் சுவருக்கு

புராவின் கதை தெரிந்தபின் உத்திரமேரூர்க் கல்வெட்டை மறுபடி பார்த்தால், வேறொரு வரி கண்ணில் படும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை.

அந்தக் குடத்துக்குள் எல்லோர் பெயரும் போகவில்லை என்பதும் உண்மை. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே இடம் இருந்ததில்லை.

இன்றைக்குக் கிராமங்களில் வீடு வீடாக வந்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வாங்கும் தூய்மைக் காவலர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் தொட்டிக்குள் போய் அடைக்காமல் இருப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஊர்ப் பொதுவில் ஒரு கலன் வைத்தால் எடையும் கணக்கும் எழுதும் நோட்டை அவர்களிடம் கொடுக்கலாம். மாதக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லலாம். கூட்டத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருக்கும் உண்டு.

பொழுது சாயும்போது கோயில் சுவரில் எழுத்துகள் மங்கத் தொடங்குகின்றன. ஏரிப் பக்கமிருந்து மாடுகள் வீடு திரும்புகின்றன. அவை சாலையில் போட்டுவிட்டுப் போனதைக் கூடையில் அள்ளிக்கொண்டு, பின்னாலேயே ஒரு பாட்டி நடந்து போகிறார்.