இழுத்தும் ஸ்டார்ட் ஆகாத செயின் ஷா

இன்னைக்கு ஒரு மெஷின் சமாச்சாரம்.

நம்ம சின்னசேலம் பக்கம் முன்னெல்லாம் மரம் அறுக்கணும்னா கோடாலியும், ரெண்டு பேர் இழுக்கிற ரம்பமும்தான். இப்ப தெருவுக்கு ஒரு செயின் ஷா இருக்கு. ஆனா வருஷத்துல நாலஞ்சு நாள்தான் ஓடும். மிச்ச நாளெல்லாம் மோட்டார் கொட்டாயில சாக்கு மூடிக் கிடக்கும். அவசரத்துக்கு எடுத்தா, முப்பது தடவை கயிறு இழுத்தாலும் உசுரு வராது.

போன வாரம் பங்காளி ஒருத்தர் தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். கிணத்து மேட்டுப் புளியமரத்துல கிளை முறிஞ்சு பைப்லைன் மேல கிடக்கு, மக்காச்சோளம் வாடுது.

"மெஷின் செத்துப்போச்சு பங்காளி, புதுசு வாங்கிடலாமா?"

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். வார்னிஷ் மாதிரி வாடை.

"எப்ப ஊத்துன பெட்ரோல் இது?"

"பொங்கலுக்கு முந்தி."

பாதிக் கோளாறு அங்கேயே தெரிஞ்சு போச்சு.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க. கரும்பு மொலாசஸ்லயும் மக்காச்சோளத்துலயும் எடுக்கிறதுதான் அது. நாம விளைய வச்சதே நம்ம டேங்க்குக்குத் திரும்பி வருது. நல்ல விஷயம்தான். ஆனா எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் ரொம்பச் சேர்ந்தா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு டேங்க் அடியில நிக்கும். டூ-டி ஆயில் மேல இருக்கிற பெட்ரோலோட தங்கிடும். இன்ஜின் உறிஞ்சுறது அடியில இருந்துதான். அப்ப ஸ்டார்ட் ஆகாது. தப்பித் தவறி ஆனாலும், ஆயில் இல்லாம பிஸ்டன் தேயும். எத்தனால் இல்லாட்டியும் பழைய பெட்ரோல் கார்ப்பரேட்டர் ஓட்டையில பிசினாட்டம் படிஞ்சு அடைக்கும். அதனால ஒரு மாசத்துக்குள்ள தீர்ற அளவு மட்டும் கலந்து வைங்க. ஆயில் அளவு மெஷின் புத்தகத்துல இருக்கும். 50-க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி.

ரெண்டாவது, சோக். குளிர்ந்த மெஷினுக்கு சோக் போட்டு இழுத்தா, மூணு நாலு இழுப்புல 'டுப்'னு ஒரு இருமல் வரும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கணும். வந்ததும் சோக்கை எடுத்துட்டு இழுக்கணும். அதைக் கவனிக்காம இழுத்துக்கிட்டே இருந்தா உள்ள பெட்ரோல் தேங்கி பிளக் நனைஞ்சுடும். அப்புறம் பயில்வான் வந்து இழுத்தாலும் ஆகாது. பங்காளி மெஷின்லயும் பிளக் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. சுவிட்சை அணைச்சு, பிளக்கைக் கழட்டித் துடைச்சு, சோக் இல்லாம அஞ்சாறு தடவை இழுத்து உள்ள இருந்ததை வெளியேத்துனோம். பிளக் ஓட்டைக்கு நேரா மூஞ்சியை வைக்காதீங்க. மரத்தூள் அடைஞ்ச ஏர் ஃபில்டரையும் தட்டிச் சுத்தம் பண்ணி, புதுக் கலவை ஊத்துனதும் நாலாவது இழுப்புல பிடிச்சுக்கிச்சு.

இதையெல்லாம் விட முக்கியமான ஒண்ணு. ஆத்திரத்துல நம்ம ஆளுங்க மெஷினை ஒரு கையில தூக்கி, கீழே உதறி, மறு கையால கயிறை இழுக்கிறாங்க. வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட் பொசிஷன்ல ஆக்சிலேட்டர் பாதி திறந்தே இருக்கும். பிடிச்ச உடனே செயின் சுத்தும், தொடைக்குப் பக்கத்துல. தரையில வச்சு, செயின் பிரேக் போட்டு, பின்பிடிக்குள்ள வலது கால் நுனியை வச்சு அமுக்கி, முன்பிடியை இடது கையால அழுத்திக்கிட்டு இழுங்க. முதல்ல மெதுவா இழுத்து, இறுக்கம் தெரிஞ்ச இடத்துல இருந்து ஒரே வெடுக்கு. கயிறைக் கடைசி வரை இழுக்காதீங்க, பட்டுனு விடாதீங்க.

2018 நவம்பர் 16, கஜா அடிச்ச அன்னைக்கு டெல்டாவுல வீட்டு வாசல், ரோடு எல்லாம் தென்னை சாஞ்சு கிடந்தது. அந்த மாதிரி நாள்ல கடையும் திறந்திருக்காது, மெக்கானிக்கும் வரமாட்டார். அதனால வேலை முடிஞ்சதும் டேங்க்கைக் காலி பண்ணி, உள்ள இருக்கிறது தீர்ந்து தானா நிக்கிற வரை ஓடவிட்டு வைங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருநாள் எடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.