தேன்கனிக்கோட்டையில் ஒரு கோதுமை வேட்டை!

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் கையில் பேக்கரி அட்டைப்பெட்டி இருக்கும். உறவுக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே! பன், ரஸ்க், தேங்காய் பிஸ்கட், கேக்... என் கையில் மட்டும் ஒரு காலிச் சாக்கு. கூடவே என் சகதர்மிணி, ஏழு வயசுப் பையன், நாலு வயசுப் பெண். மாமியார் வீட்டுக்குக் காலிச் சாக்கோடு போகிற மாப்பிள்ளை தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சாக்கு எதற்கு? ராகிக்கு! ஓசூர் கடையிலேயே பாக்கெட் பாக்கெட்டாக ராகி மாவு கிடைக்கும்போது, இதற்காக 25 கிலோமீட்டர் பஸ்ஸில் போவானேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

டிசம்பர் மாசம். மத்திகிரி தாண்டியதும் பனி விலகாத வயல்கள். அறுத்துப் போட்ட ராகித் தாள், ஊடே அவரைக்கொடி, பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்கள். ரோட்டில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு கம்பெனி பஸ்கள். உள்ளே யூனிஃபார்மில் தூங்கி வழிகிற பையன்களும் பெண்களும். எங்கள் பஸ்ஸுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே சமயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இப்போது ஐந்தாவதாக இந்தியும் சீட்டுக்குத் துண்டு போடுகிறது. இந்த ஐந்தாவது பாஷைக்கும் என் சாக்குக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அது பிறகு.

என் பெண்ணுக்கு ஒன்றரை வயசில் ஆரம்பித்தது. ஓயாத பேதி. வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி. இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகப் போயும் ரத்தம் ஏறவில்லை. 'பூச்சி' என்றார் ஒரு டாக்டர். 'பால் ஒத்துக்கலை' என்றார் இன்னொருவர். 'கண் பட்டிருக்கு' என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ரெண்டரை வயசில் எடை 9 கிலோ 400 கிராம்!

ஒருநாள் என் சிநேகிதன் ஒருவன், 'டேய், டில்லியில என் அக்கா பையனுக்கு இதே மாதிரிதான் இருந்துச்சு. கோதுமையை நிறுத்துனாங்க, சரியாப் போச்சு' என்றான். நாங்களும் நிறுத்தினோம். சப்பாத்தி, பிஸ்கட், சேமியா, ரவா உப்புமா எல்லாம் கட். மூன்றே வாரத்தில் பேதி நின்றது. குழந்தை சிரித்து விளையாட ஆரம்பித்தாள். நானே எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணிவிட்ட மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆறு மாசம் கழித்து பெங்களூரில் ஒரு குடல் நோய் நிபுணரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி எதுக்கு சார் நிறுத்தினீங்க?"

அப்புறம்தான் விவரம் புரிந்தது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணமான புரதத்துக்குப் பெயர் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் அந்த வகைப் புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடம்பின் காவல் படையே சொந்தச் சிறுகுடலைத் தாக்குமாம். குடலின் உள்சுவரில் வெல்வெட் துணி மாதிரி நிற்கிற உறிஞ்சிகள் மழுங்கிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

இதைக் கண்டுபிடிக்க டி.டி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி விட்டு, குடலிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால், இரண்டுமே குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் நம்பலாம். நிறுத்திவிட்டால் ரத்தமும் சுத்தமாகிவிடும், குடலும் ஆறிவிடும். திருடன் ஊரைவிட்டுப் போனபிறகு கைரேகை எடுக்கிற கதைதான்! பாப்பாவுக்கு ரிசல்ட் நார்மல். பரம்பரைக் கூறு இருக்கிறதா என்று ஒரு ஜீன் பரிசோதனை செய்தார்கள். அது 'இல்லை' என்று வந்திருந்தால் பிரச்னை தீர்ந்திருக்கும். 'இருக்கு' என்று வந்தது. "ஆனா, மூணு பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கும் சார். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் நிபுணர்.

சீட்டில் எழுதினார்: 'சீலியாக் - சந்தேகம்.'

உறுதி செய்ய ஒரே வழி, குழந்தைக்கு மறுபடி சில வாரம் தினமும் கோதுமை கொடுத்துவிட்டுப் பரிசோதிப்பது. அதையும் ஐந்து வயசுக்கு முன்னால் செய்ய வேண்டாம் என்பது ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதுவரை பத்தியம்.

பத்தியம் என்றால் சப்பாத்தியை நிறுத்துவதோடு போச்சு என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். பி.காம். படித்ததற்கு இதுவரை உருப்படியாக ஒரு ஆடிட்டும் செய்யாத நான், முதல் முறையாக எங்கள் சமையலறையை ஆடிட் செய்தேன். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும். சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸ் தனியாக நல்ல பிள்ளைதான், ஆனால் அரைக்கிற இடத்தில் கோதுமையோடு சேர்ந்து கெட்டுப்போகும் பிள்ளை. அங்கன்வாடியில் தருகிற சத்துமாவில் கோதுமை மாவு. எல்லாவற்றுக்கும் மேலே வில்லன், பெருங்காயம்! பெரும்பாலான கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் கோதுமை மாவு அல்லது மைதா. போன தீபாவளிக்கு மாமியார் வீட்டில் சுத்தமான அரிசிச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்ட குழந்தை, ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விடிந்ததும் ரசத்தை விசாரித்ததில் அகப்பட்ட குற்றவாளி அந்த டப்பாதான். நிரூபிக்க முடியாது. ஆனால், என் மாமியார் டப்பாவை வீசிய வேகத்தில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது.

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதலில் பேட்டராயசுவாமி கோயில். பெருமாள் இங்கே வேட்டைக்காரர். ஒளிந்திருக்கிற கோதுமையைத் தேடி அலைகிற எனக்கு இவரைவிடப் பொருத்தமான சாமி ஏது? துளசியோடு ஒரு தொன்னை புளியோதரையும் கிடைத்தது. 'பெருமாளே, இதில் எந்தக் கம்பெனிப் பெருங்காயம்?' என்று கேட்கவா முடியும்? துளசி பாப்பாவுக்கு, புளியோதரை பையனுக்கு. பையனையும் கோதுமை சாப்பிடும்போதே பரிசோதித்தாயிற்று. கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பாவம், பிஸ்கட்டை பாத்ரூமில் ஒளிந்துகொண்டு தின்கிறான். தங்கை பார்த்தால் அழுவாளாம்.

அடுத்தது மாவு மில். மாமியார் சொல்லிவைத்திருந்த விவசாயி வீட்டில் 20 கிலோ ராகி வாங்கி, புடைத்து, மில்லுக்குக் கொண்டுபோனோம். ராகி விளைகிற ஊரில், கண்முன்னால் அரைத்து வாங்கினால் கலப்படமே இருக்காது என்பது என் கணக்கு. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜார்க்கண்ட் பையன். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. அவன் மூட்டையில்... கோதுமை!

"இப்ப எல்லாம் பாதி கோதுமைதான் ஸார் வருது. கம்பெனிப் பசங்க சப்பாத்தி இல்லாம இருக்க மாட்டாங்க" என்றார் மில்காரர். "நீங்க கவலைப்படாதீங்க. ரெண்டு பிடி ராகி போட்டு ஓட்டி எடுத்துட்டு உங்களுதை அரைச்சுத் தரேன்."

நல்ல மனுஷர். ஆனால், என் கணக்கு வேறு. குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற உச்ச அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் குளூட்டன் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஆக, ஒரு கிலோ ராகி மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு விழுந்தாலே எல்லையைத் தாண்டிவிடும். அந்த மில்லில் சுவர், குழாய், மில்காரர் மீசை எல்லாவற்றிலும் சிட்டிகை சிட்டிகையாக மாவு.

அந்த ஜார்க்கண்ட் பையன் பாப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டை நீட்டினான். பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குக் கோதுமை ஆகாதுண்ணா" என்றாள். நான் என் தூர்தர்ஷன் இந்தியில் மொழிபெயர்த்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "ரோட்டி பீ நஹீ?" என்றான், ஏதோ அவளுக்குக் காற்றே ஆகாது என்று சொல்லிவிட்ட மாதிரி.

அவன் திகைப்பில் நியாயம் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு. வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளிலும் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே ஒருவர் சராசரியாகத் தின்கிற கோதுமை தினம் 455 கிராம், தெற்கே 25 கிராம். சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு எட்டரைப் பேருக்கு. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர்தான் தேறினார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. விதை நம்மிடமும் இருக்கிறது, மழைதான் பெய்யவில்லை. இப்போது தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பரோட்டா, நூடுல்ஸ், பேக்கரி என்று தூறல் போட ஆரம்பித்திருக்கிறது.

மில்காரர் விடவில்லை. "அரைக்கத்தான் மாட்டேங்கறீங்க, எடையாவது பாத்துட்டுப் போங்க" என்று பாப்பாவைத் தூக்கித் தராசில் உட்கார வைத்தார். 14 கிலோ 200! என் மனைவி அந்தத் தராசு முள்ளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைக்காத ராகியோடு வீட்டுக்கு வந்தால், மாமியார் திண்ணையில் கல் எந்திரத்தைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார். "எனக்குத் தெரியும் மாப்ளே, மில்லு உங்களுக்கு ஒத்துவராதுன்னு. இது எங்க மாமியாரோட எந்திரம். கோதுமையைக் கண்ணால பாத்ததில்ல."

அவர் சுற்ற, என் மனைவி பிடி பிடியாகப் போட, பாப்பா குறுக்கே புகுந்து 'நானு நானு' என்று கையை வைக்க... மாவு விழுந்தது. "எங்க ஊர்ல இல்லாத வியாதியால்ல இருக்கு! இதை எவன் கண்டுபுடிச்சான்?" என்றார் மாமியார்.

கதை சொன்னேன். ஹாலந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர். அதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் வாழைப்பழமாகக் கொடுத்துக்கூட வைத்தியம் பார்த்தார்கள். 1924-ல் ஆரம்பித்த வைத்தியம் அது. டிக்கேவுக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், உலகப் போரில் ஹாலந்துக்குப் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடையாது. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் அதை ஆராய்ச்சி நூலாகவே எழுதினார்.

எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "பஞ்சத்துல பொழச்ச பசங்க" என்றார். மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

ராத்திரி களியும், பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். பாப்பா கில்லாடி. நான்தான் இன்னும் மென்று மாட்டிக்கொள்கிறேன். தூரத்தில் பட்டாசு வெடித்தது. ராகி அறுவடையின்போது காட்டைவிட்டு யானைகள் வந்துவிடும். விவசாயிகள் பரணில் கண் விழிப்பார்கள். "யானையும் கோதுமை திங்காதா பாட்டி?" என்றாள் பாப்பா.

குழந்தைகள் தூங்கியபிறகு மாமியார் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த வருஷம் அஞ்சு வயசு ஆயிடும். மறுபடி கோதுமை குடுத்துப் பாக்கணும்ங்கறாங்களே... தெரிஞ்சே நாமளே குடுக்கணுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். குடுத்தால் குழந்தை மறுபடி அந்த ஒன்பது கிலோவுக்குப் போய்விடுவாளோ என்று பயம். குடுக்காவிட்டால், உண்மையில் இல்லாத ஒரு நோய்க்காக ஆயுசுக்கும் ஒரு பெண்ணைப் பிறந்தநாள் கேக்கிலிருந்து தள்ளி வைக்கிறோமோ என்ற உறுத்தல். முதலிலேயே ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் தயவுசெய்து டெஸ்ட்டுக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள். டாக்டர் ஃபீஸ் இல்லாமல் சொல்கிறேன்.

"ஓரமா ஒரு மூட்டை ராகி எடுத்து வைக்கிறேன்" என்றார் மாமியார். "டெஸ்ட்டு முடிஞ்ச அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்துருங்க. நான் தேத்திடறேன்."

காலையில் ஓசூர் பஸ். 8 கிலோ மாவு, 12 கிலோ முழு ராகி, கூடவே பொதிந்து கட்டிய எந்திரக்கல். கண்டக்டர் மூட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

"என்னா ஸார் இதுல?"

"பாப்பாவுக்கு மருந்துங்க."

"மருந்து இவ்ளோ கனமாவா?" என்று லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.