அண்ணனுக்கு நான் கொடுக்காத மாத்திரை

நவரை நடவு முடிஞ்ச கையோட அண்ணனை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். தொண்டையில புற்றுநோய், கழுத்து வரைக்கும் பரவி வெளியே புண்ணாயிடுச்சு. இனி ஆபரேஷனோ கரண்டு வைக்கிறதோ பலன் தராது, வீட்டுல வச்சு வலியில்லாம பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க.

திருக்கழுக்குன்றம் பக்கம் எங்க ஊர். 'இனி வைத்தியம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க'ன்னுதான் எல்லாரும் பேசினாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

கையில மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. அது அபின்லேர்ந்து எடுக்கிறது, பழக்கமாயிடும், சீக்கிரம் ஆளை முடிச்சிடும்னு உறவுக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சிட்டேன். ரொம்ப முனகினா மட்டும் ஒண்ணு. அண்ணி கேட்டா, "அப்புறம் தரலாம் அண்ணி"ன்னு சொல்லிடுவேன்.

பத்தாம் நாள் ஒரு நர்சம்மா வீடு தேடி வந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவர்ற திட்டம்னுதான் நான் நினைச்சிருந்தேன். படுக்கையில கிடக்கிறவங்களைப் பார்க்க வர்றதும் அதுல உண்டாம்.

"வலி பத்துக்கு எவ்வளவுங்கய்யா?"ன்னு அண்ணனைக் கேட்டாங்க.

"ரூபாய்க்குப் பதினாறணாவும் வலிதாம்மா"ன்னார்.

மாத்திரையை வாங்கி எண்ணினாங்க. பத்து நாள்ல அறுபது போயிருக்கணும். பன்னெண்டுதான் போயிருந்துச்சு. என்னைத் திட்டலை. "வலிக்கு அளவா, டாக்டர் சொன்னபடி குடுத்தா அடிமையாகிறது அபூர்வம். உயிரையும் குறைக்காது. வலி வந்த பிறகு குடுக்கிறதில்லைண்ணா, வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும்"னாங்க. மடை உடைஞ்ச பிறகு மண்ணு கொட்டி என்ன பிரயோஜனம்? விவசாயிக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

புண்ணு நாத்தத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கித் தூவச் சொன்னாங்க. படுக்கைப் புண் வராம ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவும் அண்ணிக்குக் காட்டிக் கொடுத்தாங்க. நாத்தம் குறைஞ்சதும் பேரப் பிள்ளைங்க மறுபடி கட்டில்கிட்ட வந்துச்சுங்க.

மூணாம் நாள் அண்ணன் விடிய விடியத் தூங்கினார். காலையில முதல் பேச்சு, "மேல் கழனிக்குத் தண்ணி கட்டினியாடா?" கயித்துக் கட்டிலோட தூக்கிட்டுப் போய் வரப்போரம் வச்சோம். நாத்து பச்சை பிடிச்சிருக்கிறதைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தார். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இருந்தார். கடன் பாக்கி, பாகப்பிரிவினை எல்லாம் அவர் வாயாலேயே பேசி முடிச்சார். வீட்டுலதான் உயிர் போச்சு.

இந்த பயம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. 1985 போதைமருந்துச் சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் தொல்லையால பல ஆஸ்பத்திரிங்க மார்ஃபின் வைக்கிறதையே விட்டுட்டாங்களாம். 2014லதான் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. கேரளாவுல 1993லயே கோழிக்கோட்டுல டாக்டர் ராஜகோபாலும் கூட இருந்தவங்களும் வலி நிவாரண சிகிச்சையை ஆரம்பிச்சு, பிறகு ஊர்க்காரங்களே பயிற்சி எடுத்துட்டு நோயாளிங்க வீட்டுக்குப் போற அளவுக்கு வளர்ந்துச்சு. நம்ம ஊர்லயும் அப்படி நாலு பேர் வேணும்.

சிட்டியில இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஊர்ல யாராவது இப்படிப் படுத்திருந்தா, பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி நர்சை வரவைங்க. வலி மாத்திரையை நேரத்துக்குத் தர்றாங்களான்னு கேளுங்க. முடிஞ்சா எண்ணியும் பாருங்க.