பொம்மை வீட்டுக்கு வண்ணக் கண்ணாடி

பொம்மை வீடு என்றதும் பிளாஸ்டிக் சோபாவும் பார்பியும் ஞாபகத்துக்கு வந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை. நம்ம ஊர்க் கடைகளில் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பெரும்பாலும் பெரியவர்கள் சமாச்சாரம். புது டெல்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ், 1921க்கும் 1924க்கும் இடையில் மேரி மகாராணிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். இன்றைக்கும் விண்ட்சர் கோட்டையில் போய்ப் பார்க்கலாம். அதன் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது நிஜத்தில் ஒரு அடி என்றால் பொம்மை வீட்டில் ஒரு அங்குலம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பிடித்துக்கொள்வதும் இதே அளவைத்தான்.

இந்தப் பன்னிரண்டுதான் கதையின் வில்லன். எப்படி என்று சொல்ல ஒரு அம்மா தேவைப்படுகிறார்.

வயது அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட இங்கிலாந்தில் ஒரு வரிசை வீட்டில் பாட்டியிடம் வளர்ந்தவர். 1900களின் தொடக்கத்தில் கட்டிய அந்த மாதிரி வீடுகளில் பலவற்றுக்கு வாசல் கதவின் மேல்பாதியில் வண்ணக் கண்ணாடி இருக்கும். சர்ச் ஜன்னலில் வருவது போல புனிதர்கள் எல்லாம் இல்லை. ஒரு துலிப் பூ, இரண்டு இலை, சுற்றிலும் வெளிறிய பச்சைக் கட்டங்கள், அவ்வளவுதான். 1980களிலும் 90களிலும் 'குளிர் நுழையாத பிளாஸ்டிக் கதவு' என்று ஒரு அலை அடித்தது. அதில் ஏராளமான பழைய கதவுகள் குப்பைக்குப் போயின. பாட்டி வீட்டுக் கதவும் அதில் ஒன்று. பாட்டியும் இல்லை, வீடும் கைமாறிவிட்டது. இப்போது அந்த அம்மா அதே வீட்டைச் சாப்பாட்டு மேஜை மேல் கட்டிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பது தெருவில் நின்று எடுத்த ஒரே ஒரு போட்டோ.

அந்தப் போட்டோவில் கண்ணாடி கறுப்பாக இருக்கிறது!

போட்டோ பழசானதால் இல்லை. வண்ணக் கண்ணாடியின் குணமே அது. பகலில் வெளியே நின்று பார்த்தால் மங்கிப்போய், அழுக்குப் பிடித்த மாதிரிதான் தெரியும். உள்ளே நின்று, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால்தான் நிறமே உயிர் பெறும். ஆக கோடுகள் போட்டோவில் இருக்கின்றன, நிறங்கள் அந்த அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. காலையில் கூடத்துத் தரையில் விழுந்த ஒரு சிவப்புத் திட்டு, அதன் பக்கத்தில் தேன் நிறத்தில் இன்னொன்று. அதை வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நிஜக் கண்ணாடியிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். இரண்டடி உயரக் கண்ணாடி இங்கே இரண்டு அங்குலம். அதற்குள் இருபது துண்டுகள் என்றால், சில துண்டுகள் துவரம்பருப்பு சைஸுக்கு வந்துவிடும். அதையும் வெட்டுகிற மகானுபாவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு ஓ.எச்.பி. ஷீட்தான் கதி. ஆமாம், கல்லூரி செமினாரில் புரொஜக்டர் மேல் வைத்துக் கழுத்தறுப்பார்களே, அதே ஷீட். :-)

முதல் வேலை கோடு. நிஜ ஜன்னலில் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பது ஈயப் பட்டி. இரண்டு பக்கமும் பள்ளம் வைத்திருக்கும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'எச்' மாதிரி இருக்கும். வெளியே தெரியும் அகலம் சுமார் ஆறு மில்லிமீட்டர் என்று வையுங்கள். பன்னிரண்டால் வகுத்தால் அரை மில்லிமீட்டர். ஆனால் கடையில் விற்கும் கறுப்பு அவுட்லைனர் டியூபைப் பிதுக்கினால் எவ்வளவு நிதானமாகப் பிதுக்கினாலும் இரண்டு மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு அங்குலம். கண்ணாடிக் கதவு போய் ஜெயில் கம்பி ஆகிவிடும். பொம்மை வீட்டு ஜன்னல்கள் 'பொம்மை'யாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தடிமனான கோடுதான். நிறத்தின் மேல் பழி போடுவது வீண்.

அதனால் கம்ப்யூட்டரில் கோட்டை வரைந்து, ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுப்பது உத்தமம். அரை மில்லிமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டர்தான் வரும். (சாதாரண ஷீட்டை லேசர் மெஷினில் விட்டால் சூட்டில் உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று உள்ள ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் வயிற்றெரிச்சல் வேண்டாம். இங்க்ஜெட்டுக்கும் தனி ஷீட் உண்டு, இல்லாவிட்டால் மை திரண்டு நிற்கும்.) 'பிரிண்ட் தட்டையாக இருக்கிறதே, ஈயம் புடைத்துக்கொண்டு இருக்குமே' என்று ஒரு ஆட்சேபம் வரும். ஒரு அடி தள்ளி நின்று பொம்மை வீட்டைப் பார்ப்பது, நிஜ வீட்டைப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் ஈயத்தின் புடைப்பு யார் கண்ணுக்கும் படாது. அகலம் மட்டும் படும்.

அடுத்தது நிறம். கோடு ஒரு பக்கம், பெயிண்ட் மறுபக்கம். அப்போதுதான் நிறம் கொஞ்சம் எல்லை தாண்டினாலும் கோடு மறைத்துவிடும். பிரஷ்ஷால் இழுத்தால் தடம் தெரியும். அதனால் பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கட்டத்தின் நடுவில் வைத்து, ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். நீர்க்குமிழி வந்தால் உடனே ஊசியால் குத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குமிழி இங்கே பன்னிரண்டு மில்லிமீட்டர் குமிழி, மறந்துவிடாதீர்கள். கேலரி கிளாஸ் போன்ற தண்ணீர் சார்ந்த பெயிண்ட்கள் ஈரத்தில் பால் மாதிரி வெளுத்து இருக்கும், காய்ந்த பிறகுதான் தெளியும். இது தெரியாமல் 'நிறம் போதவில்லை' என்று இன்னொரு சொட்டு வைத்தால் காரியம் கெட்டது. வேறு சில கண்ணாடிப் பெயிண்ட்களை 160 டிகிரி ஓவனில் வைக்கச் சொல்வார்கள். அது கண்ணாடிக்குத்தான், ஷீட்டை வைத்தால் சுருண்டுவிடும். மார்க்கர் பேனா சுலபம்தான். ஆனால் ஜன்னலோரம் வைத்தால் வெயிலில் வெளுத்துவிடும். சார்ட்ர் தேவாலயத்தின் நீலம் எண்ணூறு வருடங்களுக்கு மேல் நிற்கிறது என்றால், அது கண்ணாடி உருகும்போதே கலந்த கோபால்ட். மார்க்கர் மையிடம் அந்த விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது.

செலவு என்று பார்த்தால் ஒரு ஷீட், நாலு பாட்டில் பெயிண்ட். செலவிட்ட நேரத்துக்கும் மணிக்கூலி போட்டால் இதைவிட நஷ்டமான தொழில் கிடையாது. நல்லவேளை, யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நிறம் காய்ந்ததும் வெளிச்சப் பிரச்சினை வருகிறது. பொம்மை வீட்டின் முன்பக்கத்தை மூடிவிட்டு உள்ளே குட்டி பல்பைப் போட்டால், கதவுக் கண்ணாடி தெருப்பக்கமாக ஒளிரும். அதாவது அந்த வீட்டில் எப்போதும் சாயங்காலம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியது காலை. கூடத்துத் தரையில் சிவப்புத் திட்டு விழ வேண்டும். அதற்கு விளக்கு வெளியே, கதவுக்கு எதிரே, சற்று உயரத்தில் இருக்க வேண்டும். டேபிள் லேம்ப் ஒன்றைத் தெருவில் (மேஜையில்தான்!) வைத்து, முன்பக்கத்தை லேசாகத் திறந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்பாக விழுந்தால் சிவப்பு தப்பு. உரித்துவிட்டு மறுபடி.

'என்ன இருந்தாலும் போலிதானே' என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெல்ஃபாஸ்டின் மெக்காவ், ஸ்டீவன்சன் அண்ட் ஓர் கம்பெனி 'கிளேசியர்' என்ற பெயரில், வண்ணக் கண்ணாடி மாதிரி அச்சடித்த ஒளி ஊடுருவும் காகிதத்தை விற்றது. நிஜ வண்ணக் கண்ணாடிக்குப் பதிலாக அதைச் சாதாரண ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே அந்தக் காலத்து வீட்டுக்கு ஒட்டுக் கண்ணாடி செய்வதை வரலாற்றுப் பிழை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி பாக்கி, கதவுக்கு மேலே இருக்கும் சிறு கண்ணாடி. அங்கேதான் வீட்டு எண் இருக்கும். 47 என்று வைத்துக்கொள்வோம். தெருவில் நடப்பவர்கள் படிப்பதற்காக எழுதியது அது. உள்ளேயே வளர்ந்த குழந்தை அதை இடவலம் மாறித்தான் பார்த்திருக்கும், அந்த அம்மா ஞாபகத்திலிருந்து வரைந்தால் கை அப்படியே வரையும். அதனால் பசை தடவுவதற்கு முன் ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, தெருப்பக்கம் இருந்து ஒருமுறை, கூடத்துப் பக்கம் இருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தெருவுக்கு 47 நேராக இருந்தால் ஒட்டிவிடலாம்.